பதுளைத் தோட்டங்களின் பழைய லாண்ட் ரோவர்கள்

கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளின் ஞாயிறு வரிவிளம்பரங்களில், பழைய வாகனங்களுக்கென ஒதுக்கப்படும் பத்தியை நான் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருகிறேன். வாங்கும் எண்ணம் எனக்கில்லை, வசதியும் இல்லை. ஆயினும் தலையங்கத்தில் அகப்படாத செய்திகள் அந்தச் சிறிய எழுத்துகளில் அகப்படுவதுண்டு. லாண்ட் ரோவர் விற்பனைக்கு வரும்போதெல்லாம் அந்த வாகனம் தோட்டத்தில் ஓடியது, துரை பாவித்தது என்ற குறிப்பும் கூடவே வரும். அந்தக் குறிப்புக்குத் தனி விலை உண்டு.

2020 மார்ச் மாதத்தில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 இன் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உருளக்கூடிய எதுவும் பொன்னாயிற்று. அரைநூற்றாண்டு கண்ட லாண்ட் ரோவர்களும் வில்லிஸ் ஜீப்புகளும் கோழிக்கூடுகளாகக் கிடந்த கொட்டகைகளிலிருந்து வெளியே இழுக்கப்பட்டன. வாங்க வருவோரில் கொழும்பு வணிகர்களும் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்துகொண்டு, ஊரில் ஒரு பழைய வண்டி நிற்கட்டும் என விரும்பும் நம்மவர்களும் உண்டு. இதனை வாசிக்கும் சிலருக்கும் அந்த ஆசை இருக்கலாம்.

இச்சந்தையில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று மீளமைத்த வண்டி. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கப்பட்டது. மற்றது மாற்றம் செய்த வண்டி. ஜப்பான் எஞ்சினும் வேறு கியர்பொக்ஸும் பொருத்தப்பட்டது. முன்னதற்கு மரியாதை அதிகம், விலையும் அதிகம். பின்னதைப் பார்க்க வருபவர் உதட்டைப் பிதுக்கிவிட்டே பேரத்தைத் தொடங்குவார். ஊவாத் தோட்டங்களின் வரலாற்றோடு ஓரளவு பழகியவன் என்ற முறையில் இந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்வதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இங்கிலாந்தில் உருக்குக்குக் கடும் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிற்சாலைகளுக்கே அது முன்னுரிமையுடன் பங்கிடப்பட்டது. ரோவர் நிறுவனத்தின் பொறியியல் தலைவராக இருந்த மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸைச் சேர்ந்த ஆங்கிள்சி தீவில் தமக்கிருந்த பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப்போல ஒன்றை நாமே செய்தாலென்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 இல் அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. செசி உருக்கு. உடல் அலுமினியக் கலவைத் தகடு. உருக்குப் பஞ்சத்துக்குக் கண்ட உபாயமே பின்னாளில் மழைநாடுகளில் அதன் ஆயுளை நீட்டித்தது. அடித்த வண்ணம்கூடப் போர் விமானங்களுக்கென இருந்து மிஞ்சிய பச்சை என்பார்கள். சில ஆண்டுகள் சமாளிக்கத் தயாரிக்கப்பட்ட வண்டி, 1976 இல் பத்து இலட்சமாவது எண்ணிக்கையைத் தொட்டது. அதன் நேர்வழி வாரிசான டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில்தான் நின்றது.

ஏற்றுமதிக்கெனப் பிறந்த வண்டிக்கு ஏற்ற சந்தையாக இலங்கையின் தேயிலை மலைகள் காத்திருந்தன. அதிலும் ஊவா.

ஊவாவின் சாலைகளுக்கென்றே ஒரு தனிச் சரித்திரம் உண்டு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ், ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்று பேர்போனவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளைக் கொன்ற பாவம் என்று ஊர் சொல்லிற்று. ஆனால் பதுளைக்கான சாலைகள் பலவற்றைத் திறந்தவரும் அவரே. அந்தச் சாலைகளில் கோப்பி மூட்டைகளுடன் மாட்டுவண்டிகள் இறங்கின. 1869 இல் கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதலில் கண்ணில் பட்ட இடங்களில் மடுல்சீமை முக்கியமானது. பிறகு கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1890களில் அப்புத்தளையையும் பண்டாரவளையையும் எட்டிப் பின் நெடுங்காலம் தயங்கி நின்று, 1924 இல்தான் பதுளைக்கு வந்து சேர்ந்தது.

அத்துடன் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பதுளைக்கு அப்பால் பசறை, நமுனுகுல, லுணுகலை, மடுல்சீமை எல்லாவற்றுக்கும் சாலையே கதி. தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் சாலை என்பதும் மரியாதைச் சொல்தான். கருங்கல்லை அடுக்கிய, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான வண்டிப்பாதை; அதற்குமேல் கொழுந்து மலைகளுக்கு ஏறும் ஒற்றையடிகள். முந்திய தலைமுறைத் துரைமார் குதிரையில் ஏறினார்கள். போருக்குப் பின் படையினரிடமிருந்து கழிக்கப்பட்ட ஜீப்புகள் சிலருக்குக் கிடைத்தன. போர்க்காலத்தில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமே 1944 இலிருந்து கண்டி பேராதனையில் இயங்கியதால் இத்தீவில் ஜீப்புக்குப் பஞ்சமில்லை. 1950களில் லாண்ட் ரோவர் வந்து அந்த இடத்தை உரிமையுடன் எடுத்துக்கொண்டது. பெரியதுரைக்கு லாண்ட் ரோவர், சின்னதுரைக்கு மோட்டார் சைக்கிள், கண்டக்டருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கால்நடை. இவ்வளவுதான் தோட்டத்தின் போக்குவரத்துச் சாதிமுறை.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வண்டி முதலில் ஒரு சத்தம். அதிகாலைப் பிரட்டுக் களத்தில் நிற்கும்போது எந்தக் கொண்டையூசி வளைவில் துரை வருகிறார் என்பதைக் கியர் மாறும் ஒலியிலிருந்தே சொல்லிவிடுவார்கள். முதலிரண்டு கியர்களுக்குப் பல்லிணக்க வசதி அந்நாளைய லாண்ட் ரோவரில் கிடையாது. கிளச்சை இரண்டுமுறை மிதித்து, நடுவே எஞ்சினை ஒருமுறை உறுமவைத்தே கீழ்க் கியருக்கு வர வேண்டும். அந்த உறுமல் மலை முழுவதும் கேட்கும். கேட்டதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேகம் கொள்ளும். நிரையை விட்டு விலகி நின்றவர்கள் நிரைக்குத் திரும்புவார்கள். துரை முன்னிருக்கையில், அவரது நாய் நடுவில், எடுபிடிக்காரர் பின்பலகையில். இன்று விளம்பரத்தில் துரை பாவித்தது என்று எழுதுகிறவர் பங்களாவின் வாசலிலிருந்து அந்த வண்டியைப் பார்க்கிறார். லயத்து வாசலிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சொற்கள் வேறு பொருள் தரும்.

இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பங்களாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். துரை மனமிரங்கினால் லாண்ட் ரோவர். இல்லாவிட்டால் கொழுந்து லொறி. இரண்டும் கிடைக்காத இரவுகளும் உண்டு. கொழுந்து லொறியிலேயே பிறந்தவர்கள் என்று சிலரை எங்கள் பக்கத்தில் வேடிக்கையாகச் சுட்டுவார்கள். அது வெறும் வேடிக்கையில்லை என்பது சுட்டப்படுகிறவருக்குத் தெரியும்.

லாண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமான அதே 1948 இல், நவம்பர் மாதத்தில், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளில் பதுளையும் ஒன்று. சட்டம் வந்தபின் அவ்வாறு வாக்களித்த மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். கப்பலில் வந்திறங்கிய ஓர் இங்கிலாந்து வாகனத்துக்கு இந்நாட்டில் பதிவெண்ணும் புத்தகமும் கிடைத்தன. அதை ஓட்டியவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைக்கவில்லை. இது அலங்காரப் பேச்சன்று. அன்றைய தோட்டத்து டிரைவர்களில் பலரது நிலை இதுவே.

பதிவெண் என்றதும் இன்னொன்று. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது எண்தகட்டைத்தான். சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் பதிவானவை சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த இரட்டை எழுத்துகளைத் தாங்கியவை, ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்றவை. 1950களின் பிற்பகுதியில் இவற்றின் இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து கொண்டுவரப்பட்டது. 1958 இல் வடக்கு, கிழக்கில் எழுந்த ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தையும் தார் பூசப்பட்ட எழுத்துகளையும் தமிழ் வாசகர்கள் அறிவர். மலையகத்திலும் அது எதிரொலித்தது. பொகவந்தலாவையில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. இன்று சந்தையில் ஆங்கில எழுத்துத் தகட்டுக்குத் தனி மதிப்பு, முதல் வரிசை ஸ்ரீ எண்ணுக்கும் மதிப்பு. எழுத்தின் பொருட்டு மனிதர் செத்த கதை அந்த விலையில் சேர்க்கப்படுவதில்லை.

1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 இல் பதவிக்கு வந்த அரசாங்கத்தின் காலத்தில் நிலைமை மேலும் இறுகியது. உதிரிப்பாகம் என்பது அனுமதிப்பத்திரமும் காத்திருப்புமாக மாறியது. புதிய வண்டி இல்லை, பழைய வண்டிக்குப் பாகமும் இல்லை, ஆனால் கொழுந்து நாள்தோறும் மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். லாண்ட் ரோவரின் இரண்டாம் வாழ்வு இங்கேதான் தொடங்குகிறது.

தேயிலைத் தொழிற்சாலை ஒவ்வொன்றிலும் ஒரு பட்டறை இருந்தது. உருட்டு இயந்திரங்களையும் உலர்த்தும் அடுப்புகளையும் பழுதுபார்க்கும் அதே ஆட்கள்தாம் லாண்ட் ரோவரையும் பார்த்துக்கொண்டார்கள். உடைந்த வில்பட்டையைக் காய்ச்சி அடித்தார்கள். தேய்ந்த புஷ்களைத் தொழிற்சாலை லேத்தில் கடைந்தார்கள். லாண்ட் ரோவரின் பின் அச்சுத் தண்டு இயல்பிலேயே பலவீனமானது. ஏற்றத்தில் பாரத்துடன் ஒருமுறை உதைத்தால் ஒடியும். ஓய்ந்த வண்டியின் தண்டு ஓடும் வண்டிக்குப் போகும். மூன்று வண்டிகளிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. இந்தப் பட்டறை ஆட்களில் பலர் தமிழர். தந்தையிடமிருந்து மகன் கற்றது தவிர வேறு சான்றிதழ் இல்லாதவர்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் பிற்காலத்தில் கராஜ் வைத்த பாஸ்மார் சிலர் தோட்டத்துப் பட்டறைகளில் கை பழகியவர்களே.

1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிகளுக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது, கொட்டகையில் நின்ற லாண்ட் ரோவர்களும் பட்டியலோடு கைமாறின. வெள்ளைத்துரை போய் உள்ளூர்த்துரை அதே இருக்கையில் உட்கார்ந்தார். 1973, 74 ஆண்டுகளில் தோட்டங்கள் பட்ட பசியை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. அரிசியும் மாவும் அற்றுப்போன அந்நாட்களிலும் தொழிற்சாலைக்குக் கொழுந்து போகாமல் இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அதே காலத்தில்தான் ஆட்களும் கழிக்கப்பட்டார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை என்ன செய்வது என்பது பின்னர் 1974 இல் பேசித் தீர்க்கப்பட்டது. தகரப் பெட்டிகளுடன் தோட்ட லொறியில் பதுளை நிலையத்துக்கு இறங்கி, ரயிலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனவர்களில் டிரைவர்களும் பட்டறைக்காரர்களும் இருந்தார்கள். சிலர் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தால் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அங்கேயும் மலை, அங்கேயும் தேயிலை. வண்டி மட்டும் மகிந்திரா ஜீப்.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களும் எஞ்சின்களும் கொட்டின. தோட்டத்து லாண்ட் ரோவர்களின் பெட்ரோல் எஞ்சின்கள் அப்போது பலமுறை துளை பெருப்பிக்கப்பட்டு, இனிப் பெருப்பிக்க இரும்பில்லை என்ற நிலையில் இருந்தன. பெட்ரோலைவிட டீசல் மலிவு. ஆகவே இசுசுவின் 4ஜேபி1, நிசானின் டிடி27, டொயோட்டாவின் 2எல் போன்ற டீசல் எஞ்சின்கள் இங்கிலாந்துச் செசியில் ஏறின. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் இடைத்தகட்டை உள்ளூர் லேத்தில் கடைந்தார்கள். மிட்சுபிஷி ஜீப்பும் அதன் 4டிஆர்5 எஞ்சினும் மலைநாட்டின் செல்லப்பிள்ளைகளாயின. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பாவனைக்கு உதவாதவை என்று கழிக்கப்பட்ட வண்டிகள் மெல்ல மெல்ல டெண்டரில் வெளியே போயின. வெலிமடைப் பக்கத்தில் மரக்கறி மூட்டை ஏற்றவும், யால வனத்தில் வெள்ளைக்காரப் பயணிகளை உயர இருக்கையில் வைத்து யானை காட்டவும் அவை பயன்பட்டன.

ஆக, இந்த வட்டாரத்தில் ஒரு லாண்ட் ரோவர் 1955 இலிருந்து இன்றுவரை எந்த மாற்றமும் பெறாமல் உண்மையாகவே உழைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், நான் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். உழைத்த வண்டி மாறியிருக்கும். மாறாத வண்டி உழைக்காமல் எங்கோ நின்றிருக்கும், அல்லது அண்மையில் பாகம் பாகமாக இங்கிலாந்திலிருந்து வரவழைத்துச் சேர்க்கப்பட்டிருக்கும். மீளமைத்தவர்கள் செய்வது நல்ல கைவேலை, அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் அவர்கள் முதலில் பிடுங்கி எறிவது பட்டறைக்காரர் அடித்த இரும்புத் துண்டுகளை. கதவில் மங்கலாகத் தெரியும் தோட்டத்தின் பெயரைச் சுரண்டி, மினுங்கும் பச்சை அடித்து, தோட்டத்து வண்டி என்று விற்கிறார்கள். தோட்டம் அந்த வண்டியில் இருந்ததற்கான கடைசித் தடயம் அந்தச் சுரண்டலோடு போய்விடுகிறது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்ஜாங்கிலிருந்து சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றிய பழைய லாண்ட் ரோவர்களை எண்ணிப் பாருங்கள். அவையும் தேயிலைத் தோட்டத்துரைமார் விட்டுப்போனவை. உள்ளூர்க்காரர் கைபட்டுக் கைபட்டே பல தசாப்தங்கள் ஓடின. கைபட்டதற்காக அவற்றின் புகழ் குறையவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் வாங்கத்தான் போகிறார் என்றால், சில விஷயங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கட்டும். அலுமினிய உடல் பளபளப்பதில் மயங்க வேண்டாம். அது துருப்பிடிக்காது, துருப்பிடிப்பது அடியில் உள்ள உருக்குச் செசி. பெட்டிவடிவக் குழாய் என்பதால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும், வெளியே தெரியாது. சிறு சுத்தியலால் நீளத்துக்குத் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஒலி எங்கே மந்தமாகிறதோ அங்கே உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். விற்பதற்கு முதல்நாள் தடித்த தார் பூச்சு அடித்திருந்தால் கூடுதலாகத் தட்டுங்கள். டிரைவரின் பாதம் படும் முன்சுவரும், பின்பக்கக் குறுக்குச் சட்டமும், வில்பட்டைகள் தொங்கும் கொக்கிகளும் முதலில் போகும் இடங்கள். அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொள்ளும் பொருத்துகளில் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும்.

வயதை அடையாளம் காண்பது எளிது. 80 அங்குல அச்சிடைவெளி என்றால் 1948க்கும் 1953க்கும் இடைப்பட்டது. 86 அங்குலமும் 107 அங்குலமும் 1954 இல் வந்தவை. அதன்பின் 88, 109. முன்விளக்குகள் நடுவில் சல்லடையோடு சேர்ந்திருந்தால் பழையது. 1960களின் இறுதியில் அவை இருபக்கச் சிறகுகளுக்கும் போய்விட்டன. 1971 இலிருந்து வந்த மூன்றாம் வரிசைக்குச் சல்லடையே பிளாஸ்டிக். கதவு, பொனட், சிறகு எல்லாம் போல்ட்டால் கழற்றக்கூடியவை என்பதால் ஒரு வண்டியின் முகம் இன்னொரு வண்டியின் உடலில் இருப்பது சாதாரணம்.

மாற்றம் செய்த வண்டியில் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது, முன் அச்சுக்குப் போகும் தண்டு இருக்கிறதா என்பது. ஜப்பான் கியர்பொக்ஸைப் பொருத்திவிட்டு, நான்கு சக்கர இயக்கத்தைப் பிரித்துவிடும் பெட்டியை இணைக்கும் சிரமத்துக்கு அஞ்சி, அந்தத் தண்டைக் கழற்றி வீசிவிட்ட வண்டிகள் பல உண்டு. பார்வைக்கு லாண்ட் ரோவர், வேலைக்கு இருசக்கர இயக்கம். மஞ்சள் குமிழையும் சிவப்புக் குமிழையும் நிற்கும் வண்டியில் அசைத்துப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். ஈரமண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய கியர்பொக்ஸையே வைத்துக்கொண்டு வலிய டீசல் எஞ்சினைப் பொருத்தியிருந்தால் அச்சுத் தண்டுகளையும் பல்சக்கரங்களையும் சந்தேகியுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பழைய வரிசைகளில் உருளைப் பிரேக்தான், அதற்கு உதவும் வெற்றிடக் கருவியும் பெரும்பாலும் இல்லை. நமுனுகுலவிலிருந்து பசறைக்கு இறங்கும்போது எஞ்சினைக் கொண்டுதான் வேகத்தை அடக்க வேண்டும். தேய்ந்த கியர்பொக்ஸ் என்றால் சரியாக அந்த நேரத்தில் கியர் தானாகத் துள்ளி வெளியே வரும். தட்டையான கொழும்புச் சாலையில் ஓட்டிக் காட்டினால் இது ஒருபோதும் தெரியாது. லுணுகலை–பசறைச் சாலையில் 2021 மார்ச்சில் பேருந்து ஒன்று பள்ளத்தில் பாய்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை மலையகம் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சாலைகளில் பழம்பொருள் ஆசை வேறு, உயிர் வேறு.

இரும்பைவிட ஆபத்தானது காகிதம். பழைய பதிவுப் புத்தகம் இருக்கும், வண்டி அழிந்திருக்கும். அந்தப் புத்தகத்துக்கு ஏற்ப வேறொரு வண்டியைக் கட்டிக் கொடுப்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இறக்குமதி நின்ற ஆண்டுகளில் அந்தத் தொழில் செழித்தது. ஆகவே செசியில் குத்தப்பட்ட எண்ணைத் துருவை நீக்கி நீங்களே வாசித்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிட வேண்டும். தகட்டில் அடித்த எண் போதாது. தகட்டைக் கழற்றி இன்னொரு வண்டியில் ஆணி அடிக்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா, பெட்ரோல் டீசலானது பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2022 இல் எரிபொருள் தீர்ந்து, கியூஆர் அட்டைக்குப் பங்கீடு வந்தபோது வாகன எண்ணோடு செசி எண்ணையும் கேட்டார்கள். இரண்டும் பொருந்தாத பழைய வண்டிக்காரர்கள் திண்டாடியது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

அந்தப் புத்தகத்தில் முன்னைய உரிமையாளர் பெயர்கள் இருக்கும். ஏதாவது ஒரு ஸ்டேர்லிங் கம்பனியோ கொழும்பு முகவர் நிறுவனமோ தொடக்கத்தில். பிறகு சபை அல்லது கூட்டுத்தாபனம். பிறகு ஒரு பிராந்தியக் கம்பனி. பிறகு ஒரு மரக்கறி வியாபாரி. தோட்டத்து வண்டி என்ற உரிமைகோரலை இந்த வரிகளைக் கொண்டே சோதிக்க முடியும். நடுவில் தோட்டம் இல்லையென்றால், துரை கதைக்காகக் கேட்கும் மேலதிக இலட்சங்களைக் கொடுக்காதீர்கள்.

தோட்டத்தின் பெயர் இருந்தால் அங்கே போய் வரலாம். அலுவலகத்தில் கேட்பதில் பயனில்லை. 1992க்கு முந்திய கோப்புகள் பல இடங்களில் கறையானுக்குப் போய்விட்டன. லயத்தில் கேளுங்கள். அந்த வண்டியை ஓட்டியவரோ பட்டறையில் பார்த்தவரோ, அவர் இல்லையென்றால் அவருடைய மகனோ அங்கே இருக்கக்கூடும். எந்த ஆண்டில் எந்த எஞ்சின் ஏறியது, எந்தப் பாலத்தில் முட்டியதால் வலது சிறகு மாறியது, செசியில் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாத துல்லியத்தோடு சொல்வார்கள். கேட்டவற்றை எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் அவரையே கூட்டிவந்து வண்டியைக் காட்டுங்கள், வந்து போகும் செலவும் அன்றைய நாட்கூலியும் கொடுத்து. காலையில் போகவேண்டாம். இளையவர்கள் மலைக்குப் போயிருப்பார்கள், முதியவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்தபின், ஐந்து மணிவாக்கில் போனால் ஆறுதலாகப் பேசலாம். திரும்பி இறங்குவதற்கு மட்டும் இருட்டுக்கு முன் புறப்பட்டுவிடுங்கள்.